துண்டுகளில் கேக் வாசனை

இருபத்தாறு வருடம் நான் சம்பளம் வாங்கியது ஈரத் துணியைக் காயவைத்ததற்காக. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் வெகு நாள் வரைக்கும் நான் எங்கேயோ லாண்டரி வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கிரேஸ் அதைத் திருத்தவும் இல்லை. "அவர் ஆபீஸ்ல துணி காயப்போடுவார். வீட்ல ரெண்டு துணி எடுத்துட்டு மாடிக்குப் போங்கன்னா முதுகு வலின்னுவார்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

போன மாதம் எங்கள் சோதனைக்கூடத்தில் புது அறை ஒன்றைத் திறந்தார்கள். ஓய்வு பெற்றவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அறையில் துணியின் எடை, காற்றின் சூடு, ஈரப்பதம், செலவான கரண்ட் எல்லாம் தானாகவே கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிரியா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அந்தக் கேக் விஷயம் நிஜமாவே நடந்ததா, இல்ல டேவிட் சார் விட்ட கதையா?" என்று கேட்டாள். நடந்தது என்றேன். முழுசாகச் சொல்வதற்குள் காபி வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த தனியார் சோதனைக்கூடம் அது. வாஷிங் மெஷின், ட்ரையர், மின்சார அடுப்பு என்று வீட்டுச் சாமான்களைக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரு லோடு ஈரத் துணியைக் காயவைக்க உங்கள் ட்ரையர் எத்தனை யூனிட் கரண்ட் தின்கிறது என்று நாங்கள் அளந்து எழுதிக் கொடுப்போம். அவ்வளவுதான். ஐ.டி.ஐ. முடித்து, பல்லாவரத்தில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் இரண்டு வருடம் கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு இங்கே சேர்ந்தவன் நான். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அந்த இடத்தைப் போல எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தந்த இடம் வேறு கிடையாது.

எங்கள் தலைவி வசந்தா மேடம். எப்போதும் காட்டன் புடவை, காலில் கான்வாஸ் ஷூ, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பென்சில். குரலை உயர்த்த மாட்டார். அவர் அறைக்குள் வந்து நின்றாலே தராசு தானாகப் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று பக்கத்து அறை டேவிட் சொல்வான். சேர்ந்த முதல் மாதம் அவர் என்னை எந்த மெஷினையும் தொடவிடவில்லை. காய்ந்த துண்டுகளை எடை போடு, எழுது. மறுபடி எடை போடு, எழுது. ஒரு நாள் பொறுக்காமல், "மேடம், நேத்துப் போட்ட எடைதான் இன்னிக்கும் வருது" என்றேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நேத்து மழை இல்ல. இன்னிக்கு இருக்கு. அப்பவும் அதே எடை வருதுன்னா நீங்க நேத்து நோட்டைப் பாத்து எழுதியிருக்கீங்க" என்றார். உண்மை. அன்று சாயங்காலம் ரயிலில் ஊரப்பாக்கம் வரைக்கும் என் காது சுட்டுக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு நான் திருந்தினேன். பஞ்சுத் துணி காற்றிலிருக்கும் ஈரத்தைச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் எங்கள் வேலையில் அத்தனை நுணுக்கம். வெள்ளைப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோ ஒரு லோடு. ஒவ்வொரு லோடுக்கும் ஒரு நம்பர், அது ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் நூலால் தைத்திருக்கும். சோதனைக்கு முந்தின நாள் முழுக்க அந்தத் துணி சோதனை அறையிலேயே விரித்துக் கிடக்கும். அறையில் எப்போதும் ஒரே குளிர், ஒரே ஈரம். பிறகு நனைத்து, பிழிந்து, எடை பார்ப்போம். சரியாக எட்டு கிலோ இருக்க வேண்டும். கூடினால் இன்னொரு சுற்றுப் பிழிய வேண்டும். குறைந்தால், பூச்செடிக்குத் தெளிக்கிற மாதிரி கைப்பம்பால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு துணியையும் உதறி, பட்டியலில் உள்ள வரிசைப்படி உள்ளே போட்டு, கதவை மூடி, மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து ஓடவிடுவோம். மெஷின் நின்றதும் துணியை அள்ளிக்கொண்டு தராசுக்கு ஓட வேண்டும். நின்று பேசினால் அதற்குள் துணி மறுபடி ஈரம் குடித்துவிடும். எண்ணை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். தனியாக யாரும் எந்த எண்ணையும் எழுதக் கூடாது.

இந்த வேலை என் புத்தியில் எவ்வளவு தூரம் ஏறிவிட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். என் தம்பி மகனுக்குப் பெண் பார்க்கப் பெருங்களத்தூர் போயிருந்தோம். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு ட்ரையர் இருந்தது. கை கழுவப் போன நான் குனிந்து அதன் வடிகட்டியை உருவிப் பார்த்தேன். கம்பளி மாதிரி பஞ்சு அடைத்திருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஹாலுக்கு வந்து, "இதை ஒவ்வொரு தடவையும் எடுக்கணும்ங்க. இது அடைச்சா காத்து போகாது, மெஷின் ரெண்டு மடங்கு நேரம் ஓடும்" என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கிரேஸ் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் அந்தக் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் சம்பந்தி என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "எடுத்துட்டேங்க" என்பார்.

இனி கேக் விஷயம்.

எங்கள் அறைக்கு அடுத்த அறை அடுப்புப் பிரிவு. அங்கே டேவிட் ராஜா. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து தாம்பரத்துக்குக் குடிவந்தவன். அடுப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடாகிறதா என்று பார்க்க, தட்டு நிறையக் காகிதக் கிண்ணத்தில் சின்னச் சின்னக் கேக் சுடுவார்கள். எந்த மூலையில் இருந்த கேக் எவ்வளவு சிவந்தது என்று வண்ண அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வார்கள். குறித்து முடித்தால் கேக்கின் வேலை முடிந்தது. எங்கள் வேலை அப்போதுதான் தொடங்கும். லேபில் ஒல்லியாக ஒருவரும் கிடையாது.

ஒரு வருடம் நவம்பரில் எஸ்தர் டீச்சர் ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். சேலையூர்க்காரர். பதினாறு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவர். மழைக்காலத்தில் பிள்ளைகள் காயாத யூனிஃபார்மோடு வந்து வகுப்பில் தும்மிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து, குறைந்த கரண்டில் ஓடும் ட்ரையர் செய்கிறேன் என்று வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் ஒரு ஷெட் எடுத்தவர். சாதாரண ட்ரையர் அறைக் காற்றை இழுத்துச் சூடாக்கி, துணிக்குள் செலுத்தி, பாதிச் சூடு மிச்சமிருக்கும்போதே வெளியே தள்ளிவிடும். டீச்சர் செய்தது ஒரு அலுமினியத் தகட்டுப் பெட்டி. வெளியே போகும் சூடான காற்று தகட்டின் ஒரு பக்கம், உள்ளே வரும் குளிர்ந்த காற்று மறுபக்கம். போகிற காற்று தன் சூட்டை வருகிற காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்காரர் அதைத் தயாரிக்க யோசித்துக்கொண்டிருந்தார். எங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்க அடுத்த திங்கட்கிழமை அவரே வருவதாக ஏற்பாடு.

"சார், ரெண்டு வருஷமா இதுதான் என் பொழப்பு. நல்லபடியா அளந்து குடுங்க" என்றார் டீச்சர்.

"உள்ளபடி அளப்போம் டீச்சர்" என்றேன். வசந்தா மேடத்திடம் கற்ற பதில்.

செவ்வாய்க்கிழமை முதல் ஓட்டம். ஐந்து கிலோ துணி, மூன்று கிலோ தண்ணீர். அந்த அளவுக்குச் சாதாரண ஹீட்டர் ட்ரையர்கள் எங்களிடம் மூன்று யூனிட்டுக்கு மேல் எடுக்கும். டீச்சரின் மெஷின் ஒன்றரை யூனிட்டுக்கும் கீழே நின்றது. நான் எண்ணை வாசித்தேன், என் உதவியாளர் திருப்பிச் சொல்லாமல் வாயைப் பிளந்தார். புதன்கிழமை வேறு லோடு. அதே எண். வியாழக்கிழமை இன்னொரு லோடு. மறுபடி அதே.

அந்த வியாழக்கிழமை எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. டேவிட் ஒரு தட்டுக் கேக்கோடு வந்தான். "மச்சான், இன்னாபா இது, கரண்டே வாணாம்போல கீது. நாளைக்கு நம்ம வூட்டுக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லு" என்றான். டீச்சர் ஒரு கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடவும் மறந்து, தாழ்வாரத்தில் நின்று கோயம்புத்தூருக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னார். நான் உதவியாளரின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன், ட்ரையருக்குள் சுழலும் ட்ரம் மாதிரி.

வசந்தா மேடம் மட்டும் ஒரு தாளில் ஏதோ போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் கிளம்பிப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அற்புதராஜ், ஒரு கிலோ தண்ணி ஆவியாகணும்னா அரை யூனிட்டுக்கு மேல வேணும். இங்க மூணு கிலோ. அப்ப ஏறக்குறைய ரெண்டு யூனிட். வெளிய போற காத்தும் ரூமைவிடச் சூடாத்தான் போகுது. நீங்க ஒண்ணரைக்குக் கீழ எழுதியிருக்கீங்க. மீதிச் சூடு எங்கேர்ந்து வந்தது?"

நான் நோட்டைத் திரும்பப் புரட்டினேன்.

"நாளைக்கு இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை ஓட்டினேன். இரண்டே கால் யூனிட்டையும் தாண்டி, ஏறக்குறைய இரண்டரையில் போய் நின்றது. மீட்டரை வேறொரு மீட்டரோடு வைத்துப் பார்த்தேன், சரி. தராசில் படிக்கல் வைத்துப் பார்த்தேன், சரி. அறையின் நடுவில் தொங்கும் தெர்மாமீட்டர், அதுவும் சரி. டேவிட்டிடம் புலம்பலாம் என்று போனால் அவன் அறை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமையானால் லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் பழைய ரேடியோ வாங்கப் போய்விடுவான்.

சனிக்கிழமை காலை, அந்த வாரத்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை லோடின் துண்டு ஒன்றை மடிக்கும்போது மூக்கில் வெனிலா அடித்தது. நான்தான் கேக் தின்ற கையோடு தொட்டிருப்பேன் என்று கையைக் கழுவிவிட்டு வந்தேன். அடுத்த துண்டிலும் அடித்தது. புதன்கிழமைத் துண்டை எடுத்தேன். வெனிலா. செவ்வாய்க்கிழமை விரிப்பு, தலையணை உறை எல்லாம் வெனிலா. வெள்ளிக்கிழமை லோடை எடுத்து முகம் முழுக்கப் புதைத்து இழுத்தேன். வெறும் துணி.

வியாழக்கிழமைத் துண்டு ஒன்று, வெள்ளிக்கிழமைத் துண்டு ஒன்று, இரண்டையும் தூக்கிக்கொண்டு மேடம் அறைக்கு ஓடினேன். "மேடம், இதை மோந்து பாருங்க."

"எனக்கு ஜலதோஷம்" என்றார் மேடம். "உங்க மூக்கு ஒண்ணை மட்டும் வச்சு எழுத முடியாது. டேவிட்டைக் கூப்பிடுங்க."

டேவிட் வந்தான். கண்ணை மூடச் சொன்னோம். ஒரு துண்டை முகர்ந்து உதட்டைப் பிதுக்கினான். அடுத்ததை முகர்ந்ததும் கண்ணைத் திறந்தான். "இது என் கேக்குபா. வெனிலா ரெண்டு மூடி ஊத்துனேன், வியாய்க்கெழமை. உன் துணிக்குள்ள எப்டி வந்துகினு கீது?"

மூன்று பேரும் சேர்ந்து டீச்சரின் மெஷினை முன்னால் இழுத்தோம். சுவரோரம், மெஷின் காற்று உறிஞ்சும் துவாரத்துக்கு நேர் எதிரே, அடுப்பு அறையின் புகைக்குழாய் போயிருந்தது. அதன் இணைப்பில் சுற்றியிருந்த பட்டை உரிந்து, கை நுழையும் அளவுக்கு இடைவெளி. டேவிட் போய் நாலு அடுப்பையும் போட்டான். கொஞ்ச நேரத்தில் நான் நீட்டிப் பிடித்த காகிதம் படபடவென்று ஆடியது. காற்று நல்ல சூடு. மூன்று நாளும் டீச்சரின் மெஷின் டேவிட்டின் அடுப்புச் சூட்டை ஓசியில் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அவன் லீவு, அடுப்பும் எரியவில்லை. தெர்மாமீட்டர் அறையின் நடுவில் இருந்ததால் அதற்கு எதுவும் தெரியவில்லை.

முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. டேவிட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மேடம் ஜலதோஷத்தோடு சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆனால் சிரிப்பு அடங்கியதும் எனக்கு ஒன்று உறைத்தது. செவ்வாய்க்கிழமை ஒயர் எட்டவில்லை என்று மெஷினை அரை அடி சுவர்ப் பக்கம் தள்ளியது நான்தான். பின்பக்கத்தைக் குனிந்து பார்க்காதவனும் நான்தான். அதை மேடத்திடம் சொன்னேன்.

"டீச்சர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

"நானே சொல்றேன் மேடம்."

டேவிட்டின் வண்டியை வாங்கிக்கொண்டு சேலையூர் போனேன். டீச்சர் வீட்டு வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். படியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல சார்" என்றார். "எப்படிக் கணக்குப் போட்டாலும் என் மெஷின் அவ்வளவு நல்லா ஓட முடியாது. பதினாறு வருஷமா பிள்ளைங்களுக்கு நான் நடத்தினதெல்லாம் தப்பான்னு நேத்துப் பாடப் புத்தகத்தை எடுத்து வச்சுப் பாத்துட்டிருந்தேன்."

பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா கோயம்புத்தூருக்குச் சொல்லிட்டேனே சார். அவர் அந்த எண்ணுக்காகத்தானே வர்றார்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக லேபுக்கு வந்துவிட்டேன். குழாயை அடைத்து, மெஷினை நடு அறைக்கு இழுத்து, இரண்டு ஓட்டம் ஓட்டினோம். டீச்சரும் கூடவே நின்றார். இரண்டு தடவையும் வெள்ளிக்கிழமை எண்தான். ஹீட்டர் வைத்த ட்ரையர்களில் நான் அதுவரை அளந்த எதுவும் அவ்வளவு குறைவாக எடுத்ததில்லை. அதை டீச்சரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. ஒன்றரையைக் கேட்டுவிட்ட காதுக்கு இரண்டரை ஏறாது என்று அவருக்குப் பயம்.

திங்கட்கிழமை காலையில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. கோயம்புத்தூர்க்காரர் சண்முகசுந்தரம், தாம்பரத்தில் இறங்கி, ஆட்டோ கிடைக்காமல், எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, சானடோரியத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வாசலில் நின்றவரிடமிருந்து தண்ணீர் ஓடியது.

"ஏனுங்க, இங்கீங்களா துணி காயவெக்கிறது?" என்று கேட்டார்.

டீச்சர் ஒரு விநாடி யோசித்தார். "ஆமா சார். குடுங்க, காயவச்சுத் தரோம்" என்றார்.

டேவிட் தன் லாக்கரில் இருந்த லுங்கியைக் கொண்டுவந்தான். மேலே எங்கள் வெள்ளைக் கோட்டு. சண்முகசுந்தரத்தின் சட்டை, பேண்ட், பனியன், சாக்ஸ் எல்லாம் மெஷினுக்குள் போயின. "இது கால் லோடுகூட இல்ல. இதை வச்சு யாரும் எந்த முடிவுக்கும் வரக் கூடாது" என்று மேடம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தார்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. போனில் சொன்ன எண் தப்பு, சரியான எண் இது என்று ரிப்போர்ட்டை முன்னால் வைத்தார். மெஷினைச் சுவர்ப் பக்கம் தள்ளிவைத்தது நான் என்று நானும் சொன்னேன்.

லுங்கி கட்டிய சண்முகசுந்தரம் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். "அந்த ஓட்டையப் பாக்கலாமுங்களா?" என்றார். கூட்டிப் போய்க் காட்டினோம். குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். டேவிட் நீட்டிய கேக்கை வாங்கி நின்றபடியே தின்றார். இன்னொன்று கேட்டார்.

"நான் போன்ல கேட்டதுமே எங்க இஞ்சினீயர்கிட்டச் சொன்னனுங்க. அவரு, இது நடக்காதுங்க, ஒண்ணு அவங்களுக்கு அளக்கத் தெரியல, இல்ல நம்மள ஏமாத்தறாங்கன்னாரு. எதுன்னு பாத்துட்டு வரலாம்னுதானுங்க கிளம்பினேன்" என்றார். பிறகு டீச்சரைப் பார்த்து, "இந்த எண்ணு அவரு நம்புவாருங்க. எங்க மாமியார் வீடு வால்பாறையில. அங்க வருஷத்துல பாதி நாள் துணி காயாதுங்க. மொதல்ல அங்க ஒண்ண வெச்சு ஓட்டிப் பாக்கறனுங்க. சரியா வந்துதுன்னா நம்மளே செஞ்சுருலாமுங்க" என்றார்.

சரியாகத்தான் வந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் டீச்சரின் தகட்டுப் பெட்டி வைத்த மெஷின் கோயம்புத்தூரில் தயாராகத் தொடங்கிவிட்டது. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. டீச்சர் என் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார், மேடத்தின் கையைப் பிடித்து நாலு தடவை.

சண்முகசுந்தரம் சூடாக வெளியே வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, காலரைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். எங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டுவிட்டு, டேவிட்டின் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது அடிகூடப் போயிருக்க மாட்டார், காற்று குடையைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டது. அதைச் சரிசெய்யப் பக்கவாட்டில் ஒதுங்கியவர் முழங்கால் ஆழப் பள்ளத்தில் இறங்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி போனது.

அவர் திரும்பி வந்தார். தலையிலிருந்து கால் வரை சேறு.

"டீச்சருங்க" என்றார். "இன்னொருக்காப் போட்டுருலாமுங்களா?"

டேவிட் லுங்கியை நீட்டினான்.